கொஞ்சம் சாய்த்துப் பார்க்கிறவர்

இந்த உலகத்தில் கிட்டார் வாசிக்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு, கிட்டாரைக் கழற்றுகிறவர்கள் என்று இன்னோர் இனம் உண்டு. முதல் இனத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர்கள் பாட்டுக்கு வாசித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டாவது இனத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மடியில் கிட்டார் இருக்கும், பல்லிடுக்கில் ஸ்க்ரூ இருக்கும். ஒரு பாட்டு வாசியுங்களேன் என்று கேட்டால், "இருங்க, டோன் இன்னும் செட் ஆகல" என்று பதில் வரும்.

இந்த இனத்தில் ஒருவரை எனக்கு மிக நெருக்கமாகத் தெரியும். என் அக்கா அவரைக் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறாள்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒரு காந்தக் கட்டை இருக்கும். கம்பி அதிர்வதைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். கம்பிகள் முடிகிற அடிமுனைக்குப் பக்கத்தில் அது இருந்தால் சத்தம் சுள்ளென்று வரும். கழுத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கனமாக, குழைவாக வரும். அத்தான் கிட்டாரில் இரண்டு இடத்திலும் ஒவ்வொன்று உண்டு. நமக்கு இது போதும். அவருக்குப் போதுமா? அடிமுனைப் பிக்கப்பைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் தடித்த கம்பிகளுக்குக் கனமும் மெல்லிய கம்பிகளுக்குக் கூர்மையும் கூடும். இதுவும் உண்மைதான், கிட்டாரைச் செய்தவர்களே யோசித்துத்தான் சாய்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால், 'எவ்வளவு சாய்க்கலாம்?' என்ற கேள்விக்குள் ஒரு மனிதன் பெட்டி படுக்கையோடு குடியேறிவிட முடியும் என்பது அக்கா கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் குடியேறிவிட்டார். கிட்டாரில் பிக்கப் உட்காரும் குழியை உளியால் அகலப்படுத்தி, பிக்கப்பை இப்படியும் அப்படியும் நகர்த்த வழிசெய்து, மரத்தூளைச் சோபாவுக்குத் தானம் செய்து, ஒரு மயிரிழை சாய்ப்பார், ஒரே ஒரு தந்தியைத் தட்டுவார், கண்ணை மூடுவார், திறப்பார், அந்த நேரத்தில் அந்த அறையில் யார் மாட்டிக்கொண்டிருக்கிறார்களோ அவர்களைப் பார்த்துக் கேட்பார்:

"கேட்டியா?"

இன்னும் ஒரு மயிரிழை.

"இப்போ?"

'ரெண்டும் ஒண்ணுதான்' என்று சொன்னால் தொலைந்தீர்கள். உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் பரம்பரைக்கே காது கிடையாது என்று முடிவாகிவிடும். அதனால் அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் தயாராகத்தான் போவோம். "இப்போ கொஞ்சம் ஈரமா இருக்கு" என்பார் கேஸ் சிலிண்டர் போடுகிறவர். "ஓரத்துல ஒரு இனிப்பு தெரியுது, அத்தான்" என்பேன் நான். அக்கா இன்னும் தேர்ந்தவள். அவர் தந்தியைத் தட்டுவதற்கு முன்னாலேயே சமையலறையிலிருந்து, "ஆங், இப்பதாங்க நல்லா இருக்கு" என்று குரல் கொடுத்துவிடுவாள்.

இதுவரை சிரிக்கலாம். இப்போது அவர்கள் மகள் வருகிறாள்.

பள்ளி ஆண்டு விழாவில் தனியாகப் பாட அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வகுப்பில் வாய் திறக்காத பெண். பக்கத்தில் அப்பா கிட்டாரோடு நின்றால் பயம் இருக்காது என்று அவளே டீச்சரிடம் கேட்டு அனுமதி வாங்கி வந்தாள். பாட்டின் நடுவில் ஓர் இடம் உண்டு. அங்கே அவள் நிறுத்திவிட வேண்டும், கிட்டார் மட்டும் பேச வேண்டும், அது முடிகிற நொடியில் அவள் மறுபடி பாட்டை எடுக்க வேண்டும். அந்த இடத்தை மட்டும் அவள் அப்பாவோடு பாடிப் பார்க்க ஆசைப்பட்டாள். பாவம், அவர் முதல் வரியைத் தாண்டினால்தானே!

"ஒரே ஒரு தடவை முழுசா வாசிப்பா."

"வாசிக்கிறேன்டா கண்ணு. இதைக் கொஞ்சம் சாய்ச்சுட்டு வந்துடறேன்."

"அப்போ நான் பாடறதைக் கேட்கவே மாட்டியா?"

"உனக்காகத்தானே இவ்வளவும் பண்றேன்!"

விழா நாள் காலையில் கிட்டார் தயாராகிவிட்டது. அத்தான் கடைசி முறையாகச் சாய்த்து, தட்டி, கண் கலங்கி, "கேட்டீங்களா!" என்றார். கேட்டோம். தேன் என்றேன் நான். அவர் மகள் மட்டும் கிட்டாரின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இந்தக் குட்டி சுவிட்ச் எதுக்கு?"

"எந்தப் பிக்கப் பேசணும்னு சொல்றதுக்கும்மா. மேல இருந்தா கழுத்துப் பக்கம், கீழ இருந்தா அடிப்பக்கம்."

"மேலதானே இருக்கு?"

மேலேதான் இருந்தது. எப்போதோ தூசி தட்டும்போது அக்காவின் துணி பட்டு அது மேலே ஏறியிருக்க வேண்டும். இத்தனை காலமும் அவர் சாய்த்தது ஒரு பிக்கப், பேசியது இன்னொன்று. அவர் கேட்ட கூர்மை, சிலிண்டர்காரரின் ஈரம், என்னுடைய தேன், எல்லாமே கை படாத அந்தக் கழுத்துப் பிக்கப்பின் உபயம்.

அப்பாடா, இனி வாசிப்பார் என்று நாங்கள் மூச்சு விட்டோம். என்ன அப்பாவித்தனம்!

"அதானே பார்த்தேன்! நேரா இருக்கும்போதே இது இப்படிப் பேசுதுன்னா," என்றார் அத்தான், முகமெல்லாம் வெளிச்சமாக, "இதையும் கொஞ்சம் சாய்ச்சா?"

சாய்த்தார். இரண்டு பிக்கப்புக்கும் பொதுவாகப் பற்றவைத்திருந்த ஒயர் கையோடு வந்துவிட்டது. கிட்டார் ஊமையானது.

பள்ளியில் பாட்டு டீச்சர் தன்னுடைய கிட்டாரையே எடுத்து நீட்டினார். அத்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிக்கப் நேரா இருக்கே," என்றார் வருத்தத்தோடு. "இதுல வாசிச்சா பாட்டு கெட்டுடும்டா."

அவள் திரும்பி நடந்தாள். தனியாக மேடையேறினாள். குரல் நடுங்கியது, பிறகு நின்று பிடித்தது. அந்த இடம் வந்ததும் நிறுத்தினாள். கிட்டார் பேச வேண்டிய நேரம் முழுவதும் அவள் சும்மா நின்றாள், அரங்கமும் அவளோடு சும்மா நின்றது. என் பக்கத்தில் அத்தானின் விரல்கள் முழங்காலின் மேல் ஓடின, ஒரு ஸ்வரம் பிசகாமல். அவருக்கு அந்தப் பாட்டு முழுசாகத் தெரிந்திருக்கிறது! விரல்கள் நின்ற நொடியில் அவள் எடுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆத்திரமும்தான்.

கைதட்டல் அடங்கியதும் அவள் இறங்கி வந்து அப்பா முன்னால் நின்றாள். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"பிரமாதம்டா. அந்த மைக்கை மட்டும் கொஞ்சம் சாய்ச்சு வச்சிருந்தா..."

சிரிக்கிறீர்கள். உங்களிடம்தான் கிட்டாரே இல்லையே! ஆனால் இதைப் படிக்க உட்காரும் முன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினீர்கள், விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினீர்கள், உள்ளே யாரோ கூப்பிட்டபோது "இதோ, ஒரு நிமிஷம்" என்றீர்கள். விளக்கு இப்போது சரியாகத்தான் இருக்கிறது. கூப்பிட்ட குரலைத்தான் வெகு நேரமாகக் காணோம்.