மூன்றாவது கையெழுத்து

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். உன் நலம்தான் இப்போது விவகாரம்.

ஜெபக்கூடத்தில் வாசிக்கப்போகும் உன் சாட்சிக் கடிதத்தில் மூன்றாவது கையெழுத்தை நான் போடவில்லை என்று ஒன்பது நாளாக என்னோடு பேசாமல் இருக்கிறாய். ஜெபத்தில் முழங்கால் வலி பறந்துபோனது என்கிறாய். அதை நம்பி ஆபரேஷன் தேதியையும் வேண்டாமென்று சொல்லிவிட்டாய். "நான் பொய் சொல்வேனாக்கா?" என்று அழுதாய். மாட்டாய். ஆனால் பொய்யே சொல்லாதவர்களும் தப்பாகச் சொல்லலாம் என்று கான்வென்டில் மதர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். உனக்கும் அதே மதர்தான், நீ கடைசி பெஞ்சு.

விசாரிக்காமல் கையெழுத்துப் போடுவது என் வழக்கமில்லை. முதல் சாட்சி உன் எதிர்வீட்டுத் தையல்காரம்மா. "அவங்க கைத்தடியத் தூக்கிப் போட்டத என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேம்மா" என்றாள். "அப்போ நீ கண்ணாடி போட்டிருந்தியா?" என்று அவளைக் கேட்டேன். "கண்ண மூடி ஜெபம் பண்றப்போ கண்ணாடி எதுக்கும்மா?" என்கிறாள். இரண்டாவது சாட்சி உன் சம்பந்தி. தடி விழவேயில்லை, சுவரில் சாய்ந்து நின்றது என்கிறார்; நீ ஓடினாய் என்றார், எவ்வளவு தூரம் என்றதும் நடந்தாய் என்றார், எத்தனை அடி என்றதும், "எழுந்து நின்னாங்கம்மா, அது போதாதா?" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். உன் அலமாரியில் வலி மாத்திரை அட்டை பாதி காலி. நீ கையெழுத்துக் கேட்ட அன்றே அதைப் பற்றிக் கேட்டேனே, "அது ஜெபத்துக்கு முன்னாடி போட்டதுக்கா" என்றாய். எவ்வளவு முன்னாடி? "ஒரு அரை மணி நேரம்."

வெள்ளிக்கிழமை உன் வாசலைக் கடந்து போனேன். மூன்று படி இறங்க நீ கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாய். நான் கண்ணாடி போட்டிருந்தேன்.

கடவுளால் முடியாது என்று நான் சொல்லவில்லையடி. அவர் குணமாக்கியிருந்தால் எக்ஸ்ரேயிலும் தெரியும்படி ஆக்கியிருப்பார். அரைகுறை வேலை அவருக்குப் பழக்கமில்லை. படம் எடுத்துக் காட்டு, முதல் கையெழுத்தே என்னுடையது. ஒருவர் பார்த்தேன் என்று சொல்வதை மட்டும் நம்பி உள்ள காலையும் கெடுத்துக்கொள்ளாதே.

உன் இரண்டு முழங்காலுக்கும் தனித்தனியாக என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன்னைவிட நான்கு வயது மூத்தவள்

பி.கு.: இதை மடிக்கும்போது, பிற்பகல் மூன்றரை மணிக்கு, உன் அத்தான் வந்தார். ஆமாம், காலமாகி ஏழு வருடம் ஆன அதே அத்தான். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல் இரண்டு தரம் செருமிவிட்டு, "சின்னவள திங்கக்கிழமையே ஆபரேஷனுக்குப் போகச் சொல்லு" என்றார். டாக்டர் உன் தேதியை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் வேறு யாருமில்லை. கண்ணாடியைத் துடைக்கக் கழற்றியிருந்தேன். நான் பொய் சொல்வேனா?