உப்புத்தாள் அக்காவின் தரை

பினாங்குத் தீவில் உப்புத்தாள் அக்காவைப் போன்ற பிடிவாதக்காரர் ஒரே ஒருவர்தான். இன்னொருவர் இருந்திருந்தால், ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து பினாங்குப் பாலத்தையே தேய்த்துப் பளபளப்பாக்கியிருப்பார்கள்.

தீவின் ஜெலுத்தோங் பகுதியில் நாங்கள் இருப்பது ஒரு பழைய கடைவீடு. கீழ்த்தளத்தில் நானும் என் மனைவியும். மாடியில் அக்காவும் அவர் கணவரும். மாடித் தரை முழுக்கப் பலகை. அக்காவின் தரைதான் எங்களுக்குக் கூரை. நடுவில் இடுக்குகள் வேறு. அவர் ரசம் தாளித்தால் எங்களுக்குப் பசிக்கும். நாங்கள் தும்மினால் மேலிருந்து “நூறு ஆயுசு” என்று குரல் வரும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் மைக்ராஸ்கோப் வழியாகச் சின்னச் சின்ன மின்னணுச் சில்லுகளைப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதுதான் அக்காவின் வேலை. ஓய்வு பெற்றார், கண் ஓய்வு பெறவில்லை. என் மனைவி சுட்ட தோசையைக்கூடத் திருப்பிப் பார்த்து, “எட்ஜ்ல கொஞ்சம் ரிஜெக்ட் இருக்கு லா” என்பார்.

கணவரை நாங்கள் அண்ணே என்று கூப்பிடுவோம். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். அதிர்ந்து பேசமாட்டார். இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி முற்றி, அவருக்குப் பாதங்களில் உணர்ச்சி போய்விட்டது. ஒருநாள் காலை அக்கா சாமி மேடைக்கு விளக்கேற்றப் போனபோது, தரையில் சிவப்பாகக் காலடித் தடங்கள். பலகையிலிருந்து விரல் நீளச் சிலாம்பு ஒன்று அண்ணனின் உள்ளங்காலில் ஏறியிருந்தது. அவரோ நாற்காலியில் உட்கார்ந்து, தனக்கு ஒன்றும் தெரியாமல் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

புண் ஆறுவதற்குள் அக்கா பாதியாகிவிட்டார். மருத்துவமனையில் ஒரு விரலை எடுக்கலாமா வேண்டாமா என்றுகூடப் பேச்சு வந்தது. எடுக்காமல் அனுப்பினார்கள். ஆனால் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இனி வீட்டுக்குள்ளும் செருப்பு போட வேண்டும் என்று.

அண்ணே வாழ்க்கையில் பிடித்த ஒரே பிடிவாதம் அப்போதுதான் வெளியே வந்தது.

“சாமி இருக்கற எடத்துல செருப்பா? முடியாது.”

அக்கா கெஞ்சினார், திட்டினார், இரண்டு நாள் பேசாமலிருந்து பார்த்தார். கடைசியில் எங்கள் வாசலில் வந்து நின்று அறிவித்தார்: “இந்த மனுசன மாத்தறதுக்குத் தரைய மாத்தறது ஈசி தம்பி. தேய்க்கப் போறேன்.”

முதலில் ஒரு காண்ட்ராக்டர் வந்தார். காலால் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் தேய்ச்சு ஆவாது ஆன்ட்டி. மேல வினைல் ஷீட்டு ஒட்டிடலாம்” என்றார். முன்பு ஒருமுறை வினைல் போட்டு, அதன் ஓரம் சுருண்டு எழும்பி, அண்ணே அதில் தடுக்கி விழுந்திருக்கிறார். அக்கா அதைச் சொல்லவில்லை. “காப்பி குடிச்சாச்சா? படி வழுக்கும், பாத்துப் போங்க” என்று வழியனுப்பிவிட்டார்.

அடுத்து, ஹார்ட்வேர் கடையிலிருந்து தரை தேய்க்கும் மிஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். கடை முதலாளியான தவுக்கே, “ஆன்ட்டி, பெராட் லா, பெராட்!” என்று அதன் கனத்தைப் பற்றி எச்சரித்துப் பார்த்தார். குறுகலான படியில் அதை மேலேற்றுவதற்குள் எனக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் முதுகு இரண்டாகிவிட்டது. அக்கா சாமி மேடைப் பக்கம் நின்று சுவிட்சைப் போட்டார். மிஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. அக்கா அதை ஓட்டவில்லை. அதுதான் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனது.

“விட்டுடுங்கக்கா!” என்று கத்தினேன்.

“விட்டா சன்னல் வழியா பாசாருக்குப் போயிடும் தம்பி!”

சன்னலுக்கு ஒரு முழம் இருக்கும்போது வயர் பிடுங்கிக்கொண்டு மிஷின் நின்றது. பலகையில் நெடுகக் கோணல் மாணலாக ஒரு பள்ளம். அக்கா மூச்சு வாங்க அதைக் குனிந்து பார்த்தார். “இது மிஷின் இல்ல, எருமை. கையாலயே தேய்க்கிறேன்” என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். நைட்டி, முகக்கவசம், நீச்சல் கண்ணாடி, முழங்காலுக்கு ஒன்றாகக் கட்டிய இரண்டு குட்டித் தலையணைகள். முதலில் துருத்திக்கொண்டிருந்த ஆணித் தலைகளையெல்லாம் பலகைக்குள் இறக்கினார். பிறகு சொரசொரப்பான உப்புத்தாள், அதன் பிறகு நடுத்தரம், கடைசியாகப் பட்டுப் போன்ற தாள். மர ரேகை ஓடும் பக்கமாகவே கை ஓட வேண்டும் என்று கைப்பேசியில் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தார். உப்புத்தாள் அக்கா என்று தெருவே கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான்.

கீழே எங்கள் கதி வேறு. இடுக்கு வழியாக மரத்தூள் மாவு சலித்ததுபோல் இறங்கியது. மனைவி குடை பிடித்துக்கொண்டு சமைத்தாள். ஒருநாள் சாம்பாரிலிருந்து ஒரு மரச்சிலாம்பை எடுத்துக் காட்டி, “போய்க் கேட்டுட்டு வாங்க” என்று என்னை மேலே அனுப்பினாள்.

கோபமாகத்தான் ஏறினேன். வாயைத் திறப்பதற்குள் அக்கா ஒரு உப்புத்தாளை என் கையில் திணித்து, “வாங்க தம்பி, கரெக்டா வந்தீங்க. அந்த மூலை உங்களுது” என்றார். திரும்பி வந்தபோது என் தலைமுடியிலும் தூள்.

“கேட்டீங்களா?” என்றாள் மனைவி.

“நாளைக்கும் வரச் சொன்னாங்க.”

நான் தேய்த்த மூலை தேர்வில் தேறவில்லை. அக்காவின் தேர்வு விசித்திரமானது. பழைய நைலான் சேலை ஒன்றைத் தரையில் போட்டு, அதன் முந்தானையைப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டு அறை முழுக்க நடப்பார். எங்கேயாவது ஒரு நூல் மாட்டினால் போதும், அந்தப் பலகைக்கு மறுபடி முதலிலிருந்து உப்புத்தாள். என் மூலையில் சேலை மாட்டிக்கொண்டு நின்றேவிட்டது.

“தம்பி, இது ரிஜெக்ட்.”

இத்தனை நாளும் அண்ணே எங்கள் வீட்டில்தான் இருந்தார். சோபாவில் உட்கார்ந்து மேலே கேட்கும் சரக் சரக் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பார். சத்தம் நின்றால் அவர் முகம் மாறும். மீண்டும் கேட்டால் மூச்சு விடுவார். ஒருநாள் மதியம், அக்காவின் உள்ளங்கை தோலுரிந்து துணி சுற்றியிருப்பதைப் பார்த்துவிட்டார். நேரே கடைக்குப் போய் ஒரு ஜோடி செருப்பு வாங்கி, எங்கள் வாசலில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டார். படியேறினார். நானும் மனைவியும் பின்னாலேயே ஓடினோம்.

“இங்க பாரும்மா. போட்டுட்டேன். சாமி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன். நீ விட்டுடு.”

அக்கா நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

“தேய்ச்ச தரை மேல செருப்போட நிக்கறீங்களா? கழட்டுங்க மொதல்ல!”

“டாக்டர்தான்...”

“டாக்டரா தேய்ச்சாரு? கழட்டுங்கறேன்!”

வாங்கிய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணே இறங்கி வந்து சோபாவில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

வார்னிஷ் பூசிய அன்று வானம் பொத்துக்கொண்டது. ஈரக் காற்றில் வார்னிஷ் காயமாட்டேன் என்றது. அக்கா தெருவில் உள்ள விசிறிகளையெல்லாம் இரவல் வாங்கி மாடி வாசலில் வரிசையாக நிறுத்தினார். கீழே வந்து எங்கள் சமையலறையில் உட்கார்ந்தவர், ஒரு வாய் சாப்பிடுவதும் எழுந்து போய் எட்டிப் பார்ப்பதுமாக இருந்தார். மழை விட்டு, தரை காய்ந்து, நைலான் சேலை ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குத் தண்ணீரில் போவதுபோல் போன பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்.

தேன் நிறத்தில் இருந்தது தரை. எருமை உழுத பள்ளம்கூட மெல்லிய அலைபோல் மழுங்கியிருந்தது. அண்ணே வெறுங்காலோடு நடுவரைக்கும் நடந்து போய் நின்றார்.

“எப்டி இருக்கு?” என்றார் அக்கா. கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். அந்தக் கால்களுக்கு எப்படித் தெரியும்?

அண்ணே கையைத் தரையில் ஊன்றி மெதுவாக உட்கார்ந்தார். பிறகு அப்படியே ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்தார். கண்ணை மூடினார். இடக்கன்னத்தைத் தேய்த்தார், புரண்டு வலக்கன்னத்தையும் வைத்துப் பார்த்தார்.

“ஒரு ரிஜெக்டும் இல்லம்மா.”

“எந்திரிங்க, வேர்வை படும்” என்று அதட்டினார் அக்கா. அதட்டிக்கொண்டே தானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, துணி சுற்றிய கையை அவர் தலைக்கு அடியில் கொடுத்தார்.

என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் சத்தமில்லாமல் இறங்கி வந்தோம். அன்று சாப்பிடும்போது அடிக்கடி அண்ணாந்து பார்த்துக்கொண்டோம். மேலே அவர்கள் இருக்கிறார்கள் என்பதே எங்களுக்குப் போதுமாயிருந்தது.