சீஸ் அறை வாசலில் மூன்று அரசாங்கம்

தலைநகர் பெர்னில், ஒன்றிய அரசு அலுவலகத்தில், சுழலும் நாற்காலியில் வீற்றிருக்கும் அருமை மைத்துனன் லேயாண்டர் அவர்களுக்கு, வலே மாநிலத்து மலைக்கிராமத்தில் மாடு மேய்த்து, ஒழுங்காக வரியும் கட்டிவரும் உன் அக்கா புருஷன் தியோபில் எழுதிக்கொண்டது. நானும் உன் அக்கா பிலோமினாவும் பசுக்களும் சுகம். கல்லும் சுகம்.

எந்தக் கல் என்பாய். போன வாரத்து மழையில் மேலேயிருந்து உருண்டு வந்து, நம் சீஸ் அறைக் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கல். உள்ளே இருப்பது என்னவென்று உனக்குத் தெரியும். செலின் பிறந்த வருஷம் உன் அக்கா தன் கையால் செய்து, மகள் கல்யாணத்தன்று வெட்ட வேண்டும் என்று எடுத்துவைத்த, வருஷம் ஏற ஏற ருசி ஏறுகிற சீஸ். சனிக்கிழமை கல்யாணம். சீஸ் உள்ளே, மணப்பெண் வெளியே. மாப்பிள்ளையின் அப்பா பொக்லைனோடு வந்து, "சம்பந்தி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அஞ்சு நிமிஷ வேலை" என்றார். நான்தான் சட்டத்தை மதிக்கிற மடையனாயிற்றே, ஊராட்சித் தலைவர் ஓடிலோவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவருடைய ரொட்டிக் கடைக்குப் போனேன். "பாதை நம்மளுது, கல்லு நம்மளுது இல்லியேப்பா! மலைச்சரிவு மாநிலத்தோடது. கேக்காம கை வச்சா என் தலைதான் உருளும்" என்றார். மாநிலத்துக்குச் சொன்னேன். மாநிலத் தலைநகர் சியோனிலிருந்து ஒரு அதிகாரி வந்து, உன் அக்கா வறுத்த உருளைக்கிழங்கை மறுதட்டும் வாங்கிச் சாப்பிட்டு, கல்லில் நீலச் சாயத்தால் ஒரு கோடு இழுத்து, "சரிவு எங்களுதுதான். ஆனா கல்லு பேந்து வந்தது பாதுகாப்புக் காட்டுலேந்து. அதுக்குப் பெர்ன்லயும் கேக்கணும்" என்றார். பெர்னிலிருந்து ஒரு அம்மையார் வந்து சிவப்புக் கோடு போட்டு, "சட்டம் போடறதுதான் நாங்க, நடத்தறது மாநிலம். பாதையில விழுந்துட்டா அது ஊராட்சி பாடு" என்று ரயிலேறிவிட்டார். ஓடிலோவுக்கு ரோஷம் வந்து அவர் ஒரு மஞ்சள் கோடு போட்டார். மூன்று பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம், நான் அதைத் தொடக்கூடாது என்பதுதான். அதிகாரத்தை இத்தனை அழகாகப் பிரித்துவைத்த மகராசன்கள் கல்லை மட்டும் பிரிக்காமல் விட்டுவிட்டார்கள்.

"கல்லுக்கு மூணு அப்பன், தூக்கத்தான் ஒருத்தனும் இல்ல" என்று உன் அக்கா என்னைப் பார்த்தே சொல்கிறாள், ஏதோ நான் உருட்டிவிட்ட மாதிரி. செலினோ, "அம்மா செஞ்ச சீஸ் வெட்டாம எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று அழுகிறாள். பெற்ற மனம் தாங்கவில்லை. நீ தாய்மாமன். பெர்னில் யார் காலையாவது பிடித்து ஓர் உத்தரவு வாங்கு. ஊராட்சி, மாநிலம் என்று எதற்கு இந்தக் கூத்து? எல்லா அதிகாரத்தையும் பெர்னிலேயே ஒரே மேசையில் கொட்டிவிட்டால் நாடாவது உருப்படும்.

உன் மனைவிக்கு என் அன்பு. உன் பதவி மேலும் உயர்ந்து, உன் கையெழுத்துக்காவது ஒரு கல் நகர ஆண்டவர் அருள்வாராக.

இப்படிக்கு,
தியோபில்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஓடிலோ மூச்சிரைக்க ஓடிவந்தார். பெர்ன் உத்தரவு போட்டுவிட்டதாம். ஊராட்சியையும் மாநிலத்தையும் கேட்காமல், வெள்ளிக்கிழமை காலையில் அவர்களே வந்து கல்லை எடுப்பார்களாம். என்ன திமிர்! எங்கள் ஊர்ப் பாதையில் கிடக்கிற கல்லை எங்களைக் கேட்காமல் எடுக்க இவர்கள் யார்? உடனே ஊர்க்கூட்டம் போட்டு, கல் இருக்கிற இடத்திலேயே இருக்கும் என்று கை தூக்கித் தீர்மானித்துவிட்டோம். எதிர்த்து ஒரு கை இல்லை. முதலில் தூக்கியது செலின்தான். "நம்ம கல்லத் தொட அவங்க யாரு?" என்று அவள் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகவே நீ யாரிடமும் வாய் திறக்காதே. சனிக்கிழமை வரும்போது கடையில் நல்ல சீஸாகப் பார்த்து ஒன்று வாங்கி வா. மேலே ஒட்டியிருக்கும் சீட்டை ரயிலிலேயே கிழித்துப் போட்டுவிடு. பெர்ன் சீஸ் என்று தெரிந்தால், அதற்கும் கை தூக்கிவிடுவார்கள்.