ஓட்டுநர் எழுதிய வேதியியல் கட்டுரை

"ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்?" என்று கேட்டிருந்தது உலகத் தரவரிசைப் படிவம். துறைதோறும் படிவம் அனுப்பி நிரப்பி வாங்கிய பல்கலைக்கழக எழுத்தர் மூன்று தடவை வகுத்துப் பார்த்தார். மூன்று தடவையும் அறுபத்தொன்றுதான் வந்து தொலைத்தது.

"அறுபத்தொண்ணா? ஊரே சிரிக்கும்யா!" என்றார் துணைவேந்தர். "போன வருஷமே பட்டியல்ல நம்ம பேரைத் தேட பூதக்கண்ணாடி வேண்டியிருந்துச்சு."

"காலியிடம் முப்பது கிடக்கு சார். ஆள் எடுத்தா சரியாயிடும்."

"எடுக்க அனுமதி கிடைச்சா உங்கிட்ட ஏன் புலம்புறேன்? ஏதாவது பண்ணு."

எழுத்தர் இருபத்தாறு வருடம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவர். ஏதாவது பண்ணச் சொன்னால் பண்ணிவிடுவார், அதுதான் அவரிடம் கோளாறு. நூலகர், ஓட்டுநர், தோட்டக்காரர், ஆய்வக உதவியாளர் என்று பத்தொன்பது பேரைக் காதும் காதும் வைத்தமாதிரி ஆசிரியர் பட்டியலில் சேர்த்தார். அறுபத்தொன்று நாற்பத்தொன்றாக இறங்கியது. மனிதர் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மறுநாள் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "ஆசிரியர் ஒருவருக்கு எத்தனை ஆய்வுக் கட்டுரை?"

போச்சுடா! பத்தொன்பது பேர் கூடியதில் கணக்கு அதலபாதாளத்துக்குப் போயிருந்தது.

அந்த வருடம் வெளிநாட்டுப் பத்திரிகைக்குப் போகவிருந்தது ஒரே ஒரு கட்டுரை. ஊர்க் குழாய்த் தண்ணீரில் ஈயம் கலந்திருப்பதைப் பற்றி வேதியியல் மேடம் ஏழு வருடம் உழைத்து எழுதியது. விடுப்புக் கடிதமோ ஆய்வுக் கட்டுரையோ, எதுவானாலும் அலுவலகம் வழியாகத்தான் வெளியே போக வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால் கட்டுரை எழுத்தர் மேசைக்கு வந்தது. ஆளுக்கொரு கட்டுரை கணக்கில் ஏறட்டும் என்று மேடத்தின் பெயருக்குக் கீழே பத்தொன்பது பெயரையும் தட்டெழுதி அனுப்பிவிட்டார்.

இரண்டு மாதத்தில் பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது. இருபது பேரும் ஆய்வில் என்ன செய்தார்கள் என்று தனித்தனியாக எழுத வேண்டுமாம். ஒரு வாரத்தில் எழுதாவிட்டால் கட்டுரை தள்ளுபடி.

எழுத்தர் பத்தொன்பது பேரையும் தேடி ஓடினார். ஆளுக்கொரு தாளை நீட்டி, "ஏதாவது எழுதுங்கப்பா, புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார்.

எழுதினார்கள். "மேடம் வந்த வண்டியைப் பள்ளத்தில் இறக்காமல் ஓட்டினேன்" என்றார் ஓட்டுநர். "ஆய்வகத்து வாசலில் புல் வெட்டினேன்" என்றார் தோட்டக்காரர். நூலகர்தான் எல்லாரையும் மிஞ்சினார்: "மேற்படிப் பத்திரிகை நம் நூலகத்துக்கு வருவதில்லை என்பதை உறுதிசெய்தேன்."

எல்லாத் தாளும் வந்து சேருமுன்பே விஷயம் தெரிந்து மேடமே ஓடி வந்தார். "ஏழு வருஷம் அண்ணே! இது வெளியே வந்தாத்தான் குழாயை மாத்துவாங்க. குழந்தைங்க குடிக்கிற தண்ணி அது. இப்படிப் பண்ணிட்டீங்களே!"

எழுத்தருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக, யாரும் சொல்லாமல் தானே ஒரு கடிதம் எழுதினார். தவறு தன்னுடையது, பத்தொன்பது பேருக்கும் இந்த ஆய்வில் சம்பந்தமே இல்லை, பெயர்களை நீக்கிவிடுங்கள் என்று ஒளிக்காமல் எழுதி, மேடத்தையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கக் கிளம்பினார். பதினெட்டுப் பேரும் விட்டது சனி என்று போட்டுக் கொடுத்தார்கள்.

கடைசியாக ஆய்வகம். நரைத்த மீசைக்கார உதவியாளர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பேனாவைத் தொடவில்லை.

"என்னய்யா யோசனை? போடு கையெழுத்தை."

"சம்பந்தமே இல்லைன்னு எழுதியிருக்கீங்களே சார்."

"ஆமா, உனக்கு என்ன சம்பந்தம்?"

மேடம் தலையைக் குனிந்துகொண்டார்.

உதவியாளர் மெதுவாகச் சொன்னார்: "மூணு வருஷமா தினமும் தண்ணி பிடிச்சு, சோதிச்சு, அளவு எழுதுறது நான்தான் சார், மேடத்துக்குத்தான் நீங்க அனுப்புற தரவரிசைப் படிவத்தை நிரப்பவே பொழுது சரியாப் போயிடுதே!"