என் ஓட்டைத் தின்றவர்கள்

தேர்தலில் தோற்றவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். ஆனால் தனக்கு விழ வேண்டிய ஓட்டை மற்றவர்கள் தின்றுவிட்டதால் தோற்றவன் அடியேன் ஒருவன்தான். நாற்பது வருடம் ஆகியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் திருவண்ணாமலை தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட். எங்கள் மாதா கோயிலில் ஆண்கள் சேவைச் சங்கம் ஒன்று இருந்தது. நோயாளிகளைப் பார்ப்பது, நாதியற்றவர்களை அடக்கம் செய்வது, தீபத்துக்கு வரும் கூட்டத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவது எல்லாம் அவர்கள் வேலை. நல்ல காரியங்கள்தான். ஆனால் நான் சேரத் துடித்தது அதற்காக அல்ல. (பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?) சங்கத் தலைவர் சவரிமுத்துவின் மகள் பிலோமினாவை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவர் போட்டது ஒரே நிபந்தனை.

"மொதல்ல சங்கத்துல சேருங்க தம்பி. அப்பறம் ஓலை வாசிக்கலாம்."

மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு வாசிப்பதைத்தான் ஓலை என்போம். அது வாசிக்காமல் கல்யாணம் இல்லை.

சங்கத்தில் சேர ஓட்டெடுப்பு உண்டு. உறுப்பினர்கள் பன்னிரண்டு பேரும் ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போக வேண்டும். ஆள் வேண்டும் என்றால் வெள்ளை மொச்சை, வேண்டாம் என்றால் கறுப்புக் கொண்டைக்கடலை, ஏதாவது ஒன்றைக் கலயத்தில் போட வேண்டும். போடாமல் வெளியே வரக்கூடாது. கலயத்தைக் கவிழ்க்கும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். தானியத்தைச் சேருகிறவனே கொண்டுவர வேண்டும்.

இங்கேதான் என் திமிர் வேலை செய்தது. போயும் போயும் வெறும் மொச்சையா? மாப்பிள்ளை கெத்து என்ன ஆவது? கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலையை வாங்கி, உப்புப் போட்டு வறுத்து, தோலெல்லாம் ஊதி, வெள்ளைக்கு வெள்ளையாக ஒரு தட்டு கொண்டுபோனேன்; கறுப்புக்கு வறுக்காத கொண்டைக்கடலை ஒரு பிடி.

"இன்னா தம்பி, ஓட்டு கமகமன்னு கீது!" என்றார் செயலாளர்.

நான் பெருமையாகச் சிரித்தேன். மடையன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து நறநறவென்று சத்தம் வந்தது. வெளியே வந்த ஒவ்வொருவருக்கும் கன்னம் உப்பியிருந்தது. ஒருவர் வெகுநேரம் வரவில்லை. எனக்காக ஜெபிக்கிறார் என்று நினைத்து உருகினேன்! கடைசியாகத் தலைவர் போய்விட்டு வந்தார்.

கலயத்தைக் கவிழ்த்தார்கள். பதினோரு வேர்க்கடலை. ஒரு கறுப்பு.

"யாருங்க அது?" என்று கத்தியேவிட்டேன்.

சவரிமுத்து எழுந்தார். "நான்தான் தம்பி. தட்டுல வெள்ளை ஒண்ணுகூட இல்ல. எதையாவது போட்டுத்தான வெளிய வரணும்? போட்டுட்டேன்."

"மாமா, அப்ப இன்னொரு தபா ஓட்டு வெக்கலாமே!"

"சட்டத்துல எடமில்லியே."

சொன்னவரின் மீசையைப் பார்த்தேன். உப்பு. கூடவே கடலைத் தூள். கடைசிக் கடலையை வாயில் போட்டுக்கொண்டு, ஓட்டுக்குக் கடலை இல்லை என்று சட்டம் பேசுகிறார் மனுஷன்! மீசையை எல்லாரும்தான் பார்த்தார்கள். ஒருவர் பேச வேண்டுமே? எல்லார் வாயிலும் என் கடலை.

ஒரு வருடம் முழுக்க, ஞாயிறுதோறும் பூசையில் அடுத்தவன் ஓலையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறு வருடம் கல் மாதிரி காய்ந்த வெள்ளை மொச்சை கொண்டுபோனேன். பன்னிரண்டும் வெள்ளையாக விழுந்தன. கல்யாணமும் நடந்தது.

மாமா காலமாகிப் பதினைந்து வருடம் ஆகிறது. இன்றும் வீட்டில் கடலை வறுத்தால், தட்டு காலியாகும் நேரத்தில் பிலோமினா என் கையைத் தட்டிவிடுவாள்.

"அந்த ஒண்ண வுட்டு வைங்க. அப்பா இன்னும் ஓட்டு போடல."

பேரப்பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனாலும் அந்த ஒரு கடலையை இதுவரை நான் தின்றதில்லை.