இரண்டாம் வகுப்பில் ஸ்டார் ஒட்டிய காதை

வாழ்க, வாழ்க! சாக்பீஸ் தூளையே போர்ச்சுண்ணமாய்ப் பூசிய புறங்கையாள், அலமாரிச் சாவியை உடைவாளெனச் செருகிய இடையாள், ஒரு வகுப்பு நிறைந்த வாய்களை ஒற்றை வாயால் எதிர்த்து நின்று, தொண்டை கட்டிப்போயும் புறமுதுகு காட்டாத பெருந்திறலாள், இரண்டாம் வகுப்பு டீச்சர் வாழ்க! அவள் புகழ் பாடப் புகும் என் நாவே, தடுமாறாதே. உண்மை சொல்ல நேரும் இடங்களில் மட்டும் சற்றே அடங்கியிரு.

ஜன்னல் இரண்டும் மின்விசிறி ஒன்றும் கொண்டது அவள் ஆண்ட சிற்றரசு. குடிகளோ, பெஞ்சை முரசாக்கி, ஸ்கேலை வாளாக்கி, அடுத்தவன் ரப்பரைக் கவர்தலே அறமெனக் கொண்ட கடும்போர் மறவர். அவர்கள் எழுப்பிய பேரிரைச்சல் சுவரைத் துளைத்துப் பக்கத்து வகுப்பில் பாய்ந்தது. அங்கே ஆட்சி செலுத்திய டீச்சரோ, ஒரு முறை முறைத்தால் சுவர்க்கடிகாரமே நின்றுவிடும் என்று பெயர் வாங்கியவள். அவள் போய் வத்தி வைக்க, தலைமையாசிரியை எழுந்தருளித் தீர்ப்பு மொழிந்தார்.

"வெள்ளிக்கிழமை வந்து பாப்பேன். அப்பவும் இப்படிச் சந்தைக்கடையா இருந்தா, கிளாஸ பக்கத்து டீச்சர்கிட்ட குடுத்துடுவேன். நீங்க லைப்ரரியில புத்தகம் அடுக்கிட்டு இருங்க."

நம் வீராங்கனை இடையிலிருந்த சாவியை இறுகப் பற்றினாள். வகுப்பு போனால் போகட்டும், பக்கத்து அறைக்காரியிடமா போக வேண்டும்?

அன்றே அவள் ஒரு படைக்கலம் ஏந்தினாள். பொன்னிறத்தது, ஐம்முனையது, முதுகிலே பசையுடையது, விரல்நுனி அளவேயானது. அதன் பெயர் ஸ்டார். "சத்தம் போடாம இருக்கறவங்க கையில இத ஒட்டுவேன்!" என்று அவள் முழங்க, மறவர் கூட்டம் கப்சிப்பென்று அடங்கியது. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் வந்தது வினை. தாளக்காரன் என்று வகுப்பே அழைக்கும் கடைசிப் பெஞ்சுப் பயல், பெஞ்சு பிளக்க அடித்துக்கொண்டிருந்தவன், கை வலித்து ஒரு கணம் நிறுத்தினான். திருந்துகிறவனைத் தட்டிக்கொடுக்க வேண்டும் என்று ஏதோ பயிற்சியில் அரைத் தூக்கத்தில் கேட்டிருந்த நம் அறிவுக்கடல், காற்றினும் கடுகிச் சென்று, "பாருங்க, நிறுத்திட்டான்! வெரி குட்!" என்று முதல் ஸ்டாரை அவன் கையில் ஒட்டினாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள்.

சும்மா இருந்தவனுக்கு ஒன்றுமில்லை, கத்தி ஓய்ந்தவனுக்கே பரிசு என்பதைப் பிஞ்சு மூளைகள் சாப்பாட்டு மணிக்குள் கண்டுபிடித்துவிட்டன. எழுந்தது பெரும்படை! ஒருவன் நாயாய்க் குரைத்து, நிறுத்தி, கை நீட்டினான். இருவர் ஒருவர் சடையை ஒருவர் பற்றி இழுத்து, விட்டு, நான்கு கைகளை நீட்டினர். தேர்ச்சக்கரமெனச் சுழன்று, பெஞ்சுதோறும் பாய்ந்து, வியர்வை ஆறாய் ஓட, நம் நாயகி ஒட்டினாள், ஒட்டினாள், ஒட்டிக்கொண்டே இருந்தாள். தாளக்காரனுக்கு முழங்கை வரை பொன்மயம்.

முதல் பெஞ்சில் ஜன்னலோரம் ஒரு சிறுமி இருந்தாள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் எழுதுவாள். அவள் கை மட்டும் வெறுங்கை. வியாழனன்று அவள் டீச்சரின் விரலைத் தொட்டு, "டீச்சர், நான் பேசவே இல்ல டீச்சர்" என்றாள்.

"நீ எப்பவுமே நல்ல புள்ளதானே, உனக்கெதுக்கும்மா ஸ்டார்?" என்று திருவாய் மலர்ந்துவிட்டு, குரைக்கிறவனைக் கவனிக்கப் போனாள் அந்த அறத்தின் செல்வி. எனக்கு வயிறு எரிகிறது. என்ன செய்ய, புகழ் பாடத்தானே வந்தேன்.

புலர்ந்தது வெள்ளி. தலைமையாசிரியை வருமுன்னே, வாய் திறக்கக்கூடிய அத்தனை பேருக்கும் டீச்சர் முன்கூட்டியே ஸ்டாரை அள்ளி இறைத்தாள். திறக்காத வாய்க்கு எதற்கு வீண்செலவு?

கதவு திறந்தது. அலையடங்கிய கடலெனக் கிடந்தது வகுப்பு. "அட, பரவாயில்லையே! கிளாஸ் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் தலைமையாசிரியை. பகை வென்ற வேந்தனின் பெருமிதம் பொங்க, பக்கத்து அறைச் சுவரை ஏளனமாய் ஒரு பார்வை பார்த்தாள் நம் பெருந்திறலாள்.

அக்கணத்தில், ஜன்னலோரத்துச் சிறுமி பெஞ்சின்மேல் ஏறி நின்றாள். இத்தனை நாள் விழுங்கிய சொற்களெல்லாம் ஒன்றாய்த் திரண்டாற்போல, கண்ணாடி அதிர, தாளக்காரனே காதைப் பொத்திக்கொள்ள, தலைமையாசிரியை சுவரோடு சுவராய் ஒட்டிக்கொள்ள, ஒரு கத்துக் கத்தினாள். பிறகு இறங்கினாள். பாவாடையைச் சரிசெய்துகொண்டு, நேராக டீச்சரிடம் வந்து, புறங்கையை நீட்டினாள்.

"நிறுத்திட்டேன் டீச்சர்."

வெற்றித்திருவை இழக்கவொண்ணா வேகத்தாள், வள்ளன்மை வழுவாக் கையாள், பொற்களஞ்சியமாம் ஸ்டார் வைத்த தகர டப்பாவைத் திறந்து துழாவினாள்.

ஸ்டார் தீர்ந்துபோயிருந்தது.