வாத்தண்ணன் ஒளித்த டப்பா

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் ஒரு தையல்காரன் நுழைவதற்கு மன்னிக்க வேண்டும். நாலு பேர் கூடினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஆள் நான். ஆனாலும் வாத்தண்ணனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவரைப் போல இன்னொருவர் இருந்தால் மதுரை தாங்காது.

வில்லாபுரத்தில் என் கடைக்குப் பக்கத்துக் கூரியர் ஆபீசில் அவருக்கு வேலை. வாரம் முழுக்க வீடு வீடாகத் தேடிப்போய்ப் பார்சல் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமையானால், யாருமே கண்டுபிடிக்க முடியாத இடத்தில் ஒரு டப்பாவை ஒளித்து வைப்பார். அது ஒரு விளையாட்டாம். செல்போனில் அவர் கேட்டிருக்கும் கேள்விகளுக்குச் சரியான பதில் போட்டால் டப்பா இருக்கும் இடம் தெரியும். போய் எடுத்து, உள்ளே இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்கேயே வைத்துவிட வேண்டும்.

“பரிசு என்னண்ணே?”

“கண்டுபிடிக்கிறதுதான் மாப்ள பரிசு!”

கேள்வியெல்லாம் காட்டு வாத்தைப் பற்றி. இமயமலையைத் தாண்டிக் குளிர்காலத்தில் நம் பக்கம் வரும் வரித்தலை வாத்து என்றால் அவருக்கு உயிர். நான் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று அதன் மூக்கு, கால், முட்டை என்று ஓதிக்கொண்டே இருப்பார். அவ்வளவு ஓதியும் என்ன? டப்பாவை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. தாள் வெள்ளையாகவே கிடந்தது. அந்த ஏக்கத்தில் மனுஷன் இளைத்தே போனார்.

ஒரு ஞாயிறு சாயங்காலம், டப்பாவைப் பார்த்து வரலாம் என்று என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய்க்குப் போனார். கரையில் பெருங்கூட்டம். நடுவில் டப்பா. சுற்றிலும் வேப்பிலை. ஒருவர் கையில் மண்ணெண்ணெய் கேன்.

ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் பனை வேரடியில் அதைப் பார்த்திருக்கிறார். கறுப்பு டேப் சுற்றிய டப்பா, உள்ளே ஓர் இறகு, எழுதாத தாள். செய்வினை என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. ஒருவர் வீட்டு மோட்டார் புகைந்தது, ஒரு பெண்ணுக்கு வந்த சம்பந்தம் தட்டிப்போனது, அந்த அம்மாவின் மாட்டுக்குப் பால் வற்றியது, எல்லாம் டப்பாவின் வேலைதான்.

“கொளுத்தாதீங்க! அது என்னுது!” என்று வாத்தண்ணன் பாய்ந்தார். கேன்காரர் அவர் சட்டையைப் பிடித்தார்.

“யாருக்குடா வச்ச?”

“யார் எடுத்தாலும் அவுகளுக்குத்தாண்ணே!”

“அடப்பாவி, ஊருக்கே வச்சிருக்கான்!”

“ஐயோ, வெளையாட்டுண்ணே!”

“வெளையாட்டுன்னா, இந்தா உன்கூட வந்தவன வெளையாடிக் காட்டச் சொல்லு.”

அத்தனை கண்ணும் என் மேல். அண்ணனின் போனை வாங்கி என் முன்னால் நீட்டினார்கள். தப்பாகப் போட்டால் டப்பா சாம்பல், அண்ணன் முதுகு ரணகளம். தலையில் எத்தனை கறுப்புப் பட்டை? ரெண்டு. ஒரு காலில் முன்பக்கம் எத்தனை விரல்? மூணு. காஜா எடுக்கையில் காதில் விழுந்ததெல்லாம் விரலில் வந்தது. கடைசிப் பதிலைப் போட்டதும் போனில் ஒரு புள்ளி விழுந்தது. கேன்காரர் போனைப் பார்த்தார், பனைமரத்தைப் பார்த்தார். புள்ளி அங்கேதான் நின்றது. பிடி தளர்ந்தது.

“மாப்ள! கண்டுபிடிச்சிட்டியே!” வாத்தண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

“அதான் காலடியிலயே கெடக்கேய்யா!” என்றார் கேன்காரர்.

“அப்ப என் மாடு ஏன்யா பால் குடுக்கல?” என்றார் அந்த அம்மா.

தாளில் கையெழுத்துப் போட்டேன். அதை வாத்தண்ணன் கூட்டத்துக்கு நடுவில் உரக்க வாசித்தார். என் பெயரை அத்தனை சந்தோஷமாக வேறு யாரும் வாசித்ததில்லை.

மறுநாள் டப்பாவை வேறு கண்மாய்க்கு மாற்றிவிட்டார். எங்கே என்று எனக்கும் சொல்லவில்லை.